உதிர்ந்துபோன எலும்புகள்

முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டுப் படிவுகளில் கிடைத்த அந்த எலும்பைப் பற்றி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் எழுதினார்கள். அதனோடு இடுப்பெலும்பில் ஒரு பகுதி, தொடையெலும்பில் ஒரு துண்டு, முன்னங்காலிலிருந்து கொஞ்சம், வாலிலிருந்து ஒரு முள்ளெலும்பு. விலங்குக்கு ப்ருஹத்காயோசாரஸ் மாட்லி என்று பெயரிட்டார்கள். முதலில் அதை ஊனுண்ணி என்றே நினைத்தார்கள். பிறகு வந்தவர்கள், இந்த அளவும் வடிவும் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளான சாரோபாட் கூட்டத்துக்கே பொருந்தும் என்றார்கள். 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு, அது நூறு டன்னைத் தாண்டிய விலங்கு என்கிறது. அது சரியானால், இந்தப் பூமியில் தரைமேல் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியது நம் காவிரிப் படுகையில் நடந்திருக்கிறது.

அந்த எலும்பு இன்று இல்லை. அருங்காட்சியகத்தில் இல்லை, கிடங்கில் இல்லை, எந்த அலமாரியிலும் இல்லை. தோண்டும்போதே விரிசல் விட்டிருந்த எலும்புகள், பாதுகாப்புக்காகப் போட்ட பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயே உதிரத் தொடங்கிவிட்டன. மிஞ்சியவை சில கோட்டோவியங்கள், சில அளவுகள், சில மங்கலான புகைப்படங்கள்.

ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் தாங்கிய ஒன்று, மனிதர் கைக்கு வந்த சில காலத்தில் பொடியானது என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடக்க என்னால் முடியவில்லை. தோண்டியவர்களைக் குறை சொல்லும் எண்ணமும் எனக்கு இல்லை. மண்ணுக்கடியில் இருக்கும்வரை எலும்பைச் சுற்றியுள்ள களிமண்ணே அதைத் தாங்கிப் பிடிக்கிறது. திறந்துவிட்டால் அதே களிமண் மழையில் ஊதுகிறது, வெயிலில் சுருங்குகிறது. எலும்பும் சேர்ந்து விரிகிறது. நம் ஊர் வெயிலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் கொஞ்சம். கெட்டிப்படுத்தும் திரவங்கள், கூடாரம், வண்டி, பயிற்சி பெற்ற பல கைகள் எல்லாம் அந்த அவகாசத்துக்குள் அங்கே வந்து சேர வேண்டும்.

எலும்பு போனால் அறிவியலில் என்ன போகிறது? அளவு எழுதப்பட்டிருக்கிறது, படம் இருக்கிறது, போதாதா? போதாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் போய்த் தொட்டு, அளந்து, மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ முடிய வேண்டும். கல்லமேட்டு எலும்பு போன பிறகு, அது எலும்புதானா, இல்லை கல்லாகிப்போன மரத்துண்டா என்ற சந்தேகமே எழுந்தது. சந்தேகப்பட்டவர்களிடமும் தப்பில்லை. அடுத்த மாவட்டமான பெரம்பலூரின் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது; 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பதிவு செய்தார். அப்படிப்பட்ட மரங்கள் புதைந்த பகுதியில், யாரும் மறுபடி பார்க்க முடியாத இரண்டு மீட்டர் உருளையை எப்படி நம்புவது? 2022இல் அய்யாசாமி, பால் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, அதுவரை வெளிவராத களப் புகைப்படங்களை வெளியிட்டார். அவற்றைப் பார்த்த பிறகு எலும்புதான் என்ற பக்கம் கனத்தது. கிட்டத்தட்ட முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு பேருயிர், இருந்ததா இல்லையா என்ற வழக்கில் நின்றுகொண்டிருந்தது.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது, அதற்கும் நூறு ஆண்டு முன்னால். 1877இல் கொலராடோவில் ஓரமெல் லூகாஸ் ஒரு முதுகு முள்ளெலும்பைத் தோண்டி எடுத்தார். உடைந்த நிலையிலேயே அது ஒன்றரை மீட்டர் உயரம் இருந்தது. தொல்லுயிரியலாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப் அடுத்த ஆண்டு அதை வரைந்து, விவரித்து, 'மிக எளிதில் உடைவது' என்று பொருள்படும் இனப்பெயரையும் கொடுத்தார். பிற்பாடு கோப்பின் சேகரம் நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போனபோது பெட்டிகளில் அந்த எலும்பு கிடைக்கவில்லை. ஒரே ஒரு வரைபடம் மட்டும் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு, 2018இல் அந்த விலங்குக்கு மராபூனிசாரஸ் என்று புதுப்பெயர் கூட வைத்தார்கள்.

இரண்டு இழப்புகளையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். ஆனால் இரண்டும் ஒரே காரணத்தால் நேர்ந்தவை அல்ல. கல்லமேட்டில் போனது கால் எலும்பு. பாரம் தாங்கும் கெட்டி எலும்பு. அதைத் தின்றது மண்ணும் பருவமும் வசதிக்குறைவும். கொலராடோவில் போனது முதுகெலும்பு. அது உதிர்ந்துதான் போனது என்றால், அதற்குக் காரணம் அந்த எலும்பின் உள்ளேயே இருந்தது. சாரோபாட் எப்படி அத்தனை பெரிதாக முடிந்தது என்ற கேள்விக்கான விடையும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

1994இல் ஓக்லஹோமாவில், சிறைக்குச் சொந்தமான நிலத்தில், நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர் கண்ணில் பட்ட நான்கு பெரிய துண்டுகளை முதலில் கல்மரம் என்றே நினைத்தார்கள். உயிரினத்தின் எலும்பு இவ்வளவு பெரிதாக இருக்காது என்பதே காரணம். பிறகு பார்த்தால் அவை கழுத்து முள்ளெலும்புகள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டரைத் தாண்டுகிறது. மிக நீளமானது 1.4 மீட்டர். 2000இல் சாரோபோசைடன் என்று பெயரிடப்பட்ட அந்த விலங்கின் எலும்புகளை சிடி ஸ்கேன் எடுத்தபோது உள்ளே தெரிந்தது பெரும்பாலும் வெற்றிடம். சிறு சிறு அறைகள். அறைகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள சுவர்கள், சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எலும்பின் கன அளவில் முக்கால் பங்குக்கும் மேல் காற்று. உயிரோடு இருந்தபோது நுரையீரலிலிருந்து கிளைத்த காற்றுப்பைகள் அந்த அறைகளுக்குள் புகுந்திருந்தன. இன்று பறவைகளின் எலும்பில் இருக்கும் ஏற்பாடு இதுவே. எலும்பின் பக்கவாட்டில் காணும் குழிகளும் துளைகளும் காற்றுப்பை நுழைந்த வாசல்கள்.

மூச்சு என்ற ஒன்று புதைபடிவமாகாது. நுரையீரல் அழுகிப்போய்விடும். ஆனால் அது எலும்பில் குடைந்த அறை மிஞ்சுகிறது. இல்லாத ஒன்றின் அச்சை வைத்து இருந்ததைப் படிப்பது தொல்லுயிரியலில் வழக்கம்தான் என்றாலும், இந்த ஓரிடத்தில் அது என்னைத் திகைக்க வைக்கிறது. சீனாவின் ஷின்ஜியாங்கில் 1987இல் கிடைத்த மாமென்சிசாரஸ் இனம் ஒன்றின் கழுத்து பதினைந்து மீட்டர் இருந்திருக்கும் என்று 2023இல் கணக்கிட்டார்கள். கையில் இருந்தவை சில எலும்புகளே. முழுக் கழுத்தோடு கிடைத்த ஓர் உறவு விலங்கை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். அந்த முள்ளெலும்புகளிலும் 69 முதல் 77 சதவீதம் வரை காற்று. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் போல ஆறு மடங்கு நீளம். அவ்வளவு நீளத்துக்குக் கெட்டி எலும்பு இருந்திருந்தால் அந்தக் கழுத்தை எந்தத் தசையாலும் தூக்கியிருக்க முடியாது. காற்று நிரம்பியதால் கழுத்து நீண்டது. காற்று நிரம்பியதாலேயே இறந்த பின் எளிதில் நொறுங்கியது. கோப்பின் முள்ளெலும்பைப் பெரிதாக்கியதும் அதை அழித்திருக்கக்கூடியதும் ஒரே அமைப்பு.

ஒரு தலைமுறைக்கு முந்தைய படப்புத்தகங்களில் இந்த விலங்குகள் கழுத்தளவு நீரில் நிற்கும். தரையில் நிற்க முடியாத கனம், அதனால் ஏரிக்குள் மிதந்துகொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டின என்று நம்பினார்கள். 1951இலேயே கென்னத் கெர்மாக், அத்தனை ஆழத்தில் நீரின் அழுத்தத்துக்கு எதிராக மார்பு விரியவே முடியாது, மூச்சு நின்றுபோகும் என்று எழுதினார். படங்கள் மாற இன்னும் பல காலம் ஆனது.

காற்று மட்டும் போதாது. தலையும் சிறியதாக இருக்க வேண்டும். யானையின் தலை கனமானது, ஏனென்றால் அது மெல்ல வேண்டும்; மெல்லப் பெரிய அரைப்பற்கள் வேண்டும், அவற்றை அசைக்கக் கனத்த தாடைத் தசை வேண்டும். சாரோபாட் மெல்லவில்லை. பறித்தது, விழுங்கியது. மீதி வேலை வயிற்றுக்கு. பற்களின் வெட்டுமுகத்தில் நாளொன்றுக்கு ஒன்றாகப் படியும் மெல்லிய கோடுகளை எண்ணி, டிப்ளோடோகஸ் ஒவ்வொரு குழியிலும் ஏறத்தாழ 35 நாளுக்கு ஒருமுறை புதுப்பல் போட்டது என்று கண்டிருக்கிறார்கள். தேய்ந்த பல்லைப் பற்றி அது கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்த டயமண்டினாசாரஸ் ஒன்றின் வயிற்றிலிருந்த இரையே புதைபடிவமாகக் கிடைத்து 2025இல் விவரிக்கப்பட்டது. ஊசியிலை மரம், பூக்கும் செடியின் இலை எல்லாம் கலந்து, அதிகம் மெல்லப்படாமல் கிடந்தன. எலும்பையும் பல்லையும் வைத்து ஊகித்ததை வயிறு உறுதிப்படுத்திய அரிய சந்தர்ப்பம் அது.

சிறிய தலை, மெல்லிய இணைப்பு. ஆகவே உடல் அழுகும்போது முதலில் கழன்று போவது தலைதான். பிட்ஸ்பர்க் கார்னகி அருங்காட்சியகத்தில் நின்ற அபாட்டோசாரஸ், பல பத்தாண்டுகள் வேறு வகை விலங்கின் தலையைச் சுமந்துகொண்டு நின்றது, 1979இல்தான் மாற்றினார்கள். கோதாவரிப் பள்ளத்தாக்கிலும் இதே கதை. போச்சம்பள்ளி அருகே 1960களின் தொடக்கத்தில் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தினர் தோண்டி எடுத்த எலும்புகள் ஏறத்தாழ 300. குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. சில பற்கள் கிடைத்தன, மண்டையோடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. புள்ளியியல் கழகத்தில் டைனோசருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். கழகத்தை நிறுவிய மகலநோபிஸுக்கு இயற்கை அறிவியல்கள் எல்லாம் அங்கே இருக்க வேண்டும் என்ற ஆசை. லண்டனிலிருந்து பமேலா ராபின்சனை அழைத்து ஒரு புவியியல் பிரிவையே தொடங்கினார். தாகூரின் நூற்றாண்டு விழா 1961இல் வந்ததால் விலங்கின் பெயரிலும் தாகூர் சேர்ந்தார்: பாராபாசாரஸ் தாகோரை. 1977 முதல் அந்த எலும்புக்கூடு கொல்கத்தாவில் எழுந்து நிற்கிறது. ஜுராசிக் காலத் தொடக்கத்துச் சாரோபாட் ஒன்று இவ்வளவு நிறைவாகக் கிடைப்பது உலகத்திலேயே அபூர்வம். கல்லமேட்டுக்கு இல்லாத நல்வாய்ப்பு போச்சம்பள்ளிக்கு இருந்தது. எலும்புகள் உறுதியாக இருந்தன என்பது ஒன்று. பல பருவங்கள் தொடர்ந்து வேலை செய்ய ஆட்களும் பணமும் ஒரு நிறுவனமும் பின்னால் நின்றன என்பது இன்னொன்று.

தொலைந்தவை சில சமயம் திரும்பியும் வரும். ஜபல்பூரில் 1828இல் ஸ்லீமன் பொறுக்கிய வால் முள்ளெலும்புகள் ஆசியாவில் முதன்முதலாகக் கிடைத்த டைனோசர் எலும்புகளில் அடங்கும். லிடெக்கர் 1877இல் அவற்றுக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். பிறகு அவை காணாமற்போயின. இன்று உலகம் முழுவதும் டைட்டனோசார் என்றழைக்கப்படும் சாரோபாட் பெருங்கூட்டத்துக்குப் பெயர் கொடுத்த எலும்பு எங்கே என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 2012இல் ஆய்வாளர் தனஞ்சய் மொஹபேயும் உடனிருந்தவர்களும் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரத்தைத் துழாவியபோது அவற்றில் ஒன்று அங்கேயே இருந்தது.

மொஹபேயின் பெயர் வந்ததால் அவர் எடுத்த இன்னொரு கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை, இந்தியாவில் கிடைத்த புதைபடிவங்களில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது அதுதான். குஜராத்தின் தோலி துங்ரியில் 1980களில் அவர் ஒரு சாரோபாட் கூட்டைக் கண்டார். முட்டைகள், பக்கத்தில் சின்னஞ்சிறு எலும்புகள். எல்லாமே குஞ்சினுடையவை என்றே அப்போது எழுதினார். 2001இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி வில்சன் அந்தக் கல்லைப் பார்த்தபோது முள்ளெலும்புகள் சிலவற்றின் மூட்டு வேறுமாதிரி இருப்பதைக் கவனித்தார். அது பாம்பு. மூன்றரை மீட்டர் நீளப் பாம்பு, நசுங்கிய முட்டையொன்றைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. தலை மேல்சுருளின்மீது படிந்திருக்கிறது. அருகில் அரை மீட்டர் நீளக் குஞ்சு ஒன்றின் தோள், முன்னங்கால், விலா. இன்னும் இரண்டு முட்டைகள் உடையாமல் இருக்கின்றன. மணலும் சேறும் ஒரே வீச்சில் வந்து மூடியிருக்க வேண்டும். சனாஜே இண்டிகஸ் என்று 2010இல் பெயர் பெற்ற அந்தப் பாம்பின் தாடை இன்றைய மலைப்பாம்புபோல அகலத் திறக்காது. முழு முட்டையை அதனால் விழுங்கியிருக்க முடியாது. குஞ்சு வெளிவரக் காத்திருந்திருக்கிறது.

வளர்ந்த டைட்டனோசாரை எதிர்க்க எதுவும் இருந்திருக்காது. முட்டையிலிருந்து வெளிவந்த நாளில் அதற்கு ஒரு பாம்பு போதும். அந்த முட்டையோ பதினாறு சென்டிமீட்டர் குறுக்களவு, உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. எவ்வளவு பெரிய தாயானாலும் முட்டை அதற்குமேல் அதிகம் பெருக முடியாது. ஓடு தடித்தால் உள்ளே காற்று போகாது, குஞ்சால் உடைக்கவும் முடியாது. ஆக, உலகின் மிகப் பெரிய விலங்குகள் மிகச் சிறிய குஞ்சுகளாக, நிறைய எண்ணிக்கையில், துணையில்லாமல் வெளிவந்தன. நர்மதைக் கரையில் மத்தியப் பிரதேசத்தில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் 2023இல் விவரித்த டெல்லிப் பல்கலைக்கழகக் குழு, கூடுகள் இத்தனை நெருக்கமாக இருந்தால் தாய் நடுவில் வந்து காலூன்றவே இடமிருந்திருக்காது என்கிறது. பிழைத்த சில குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. எலும்பின் வெட்டுமுகத்தில் நெருங்கிய இரத்தக்குழாய்த் தடங்கள் அந்த வேகத்தைக் காட்டுகின்றன. சில பத்தாண்டுகளில் பல்லாயிரம் மடங்கு எடை.

அதே நர்மதைப் பக்கம், பாட்லியா கிராமத்தில், வயலில் கிடைத்த உருண்டைக் கற்களைச் சில குடும்பங்கள் குலதெய்வமாக வைத்து வழிபட்டு வந்தன. அவை டைட்டனோசார் முட்டைகள். 2020இல் பெரம்பலூர் குன்னத்தில் ஏரி வெட்டும்போது கிடைத்த உருண்டைகளையும் டைனோசர் முட்டை என்று கூட்டம் கூடிப் பார்த்தது. அவை கடல் படிவில் உருவான உருண்டைக் கற்கள் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இதுதான்: எங்கும் மக்களுக்கு அந்தக் கற்கள்மேல் கவனம் இருக்கிறது. பாட்லியாவில் அந்தக் கவனம் முட்டைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு, எதைப் பார்த்தால் யாரிடம் சொல்வது என்று சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடியும். கல்லமேட்டிலிருந்து 1987க்குப் பிறகும் ஆமை, சிறு ஊனுண்ணி டைனோசரின் பல், முதலையின் பல் என்று வந்துகொண்டேதான் இருக்கின்றன. இன்று ஒரு பெரிய எலும்பு தெரிந்தால் அசைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படமெடுத்து முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் ஏற்றிவிடலாம். பிறகு உதிர்ந்தாலும் அளக்க ஏதாவது இருக்கும்.

கல்லமேட்டு விலங்கின் பெயரில் இருக்கும் மாட்லி, சார்லஸ் ஆல்ஃபிரட் மாட்லி. திருச்சி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி 1929இல் எழுதியவர். அவரே 1939இல் மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லான சாணத் துண்டுகளையும் விவரித்தார். அவற்றில் பல டைட்டனோசார்களுடையவை என்று கருதப்படுகின்றன. அதே இடத்தில் அவற்றின் எலும்பும் கிடைத்திருக்கிறது. அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து வந்தனா பிரசாத், அசோக் சாஹ்னி முதலியோர் அந்தச் சாணத்தைக் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். செடி தன் உயிரணுக்களில் சேர்த்துவைக்கும், கண்ணாடி போன்ற சிலிக்காத் துகள்கள் உள்ளே இருந்தன. ஊசியிலை மரம், பனை வகை, அவற்றோடு புல். டைனோசர் காலத்தில் புல் இல்லை என்பதே அதுவரை பாடம். 2011இல் இன்னும் நெருங்கிப் பார்த்தபோது, அந்தப் புற்களில் நெல்லின் குலத்தைச் சேர்ந்தவையும் இருந்தன.

நீண்ட கழுத்து எதற்கு என்ற வாதம் நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. உச்சிக்கிளையை எட்டவா, நின்ற இடத்திலிருந்தே நாலாபக்கமும் மேயவா, இதயம் அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்றியிருக்க முடியுமா? கழுத்து முள்ளெலும்புகளின் மூட்டுக் கோணத்தை அளந்து இருதரப்பும் எழுதிக்கொண்டிருக்கிறது. பிஸ்துராவின் சாணம் அந்த வாதத்தை முடிக்கவில்லை. புல் அதில் சிறு பங்குதான், தின்றது பெரும்பாலும் வேறு செடிகளை. ஆனாலும் நெல்லின் உறவுச் செடி மரம்போல உயர்ந்து நிற்பதில்லை. பத்துப் பதினைந்து மீட்டர் நீள உடலுடைய ஒரு விலங்கு, மத்திய இந்தியாவில் லாவா பரவத் தொடங்கியிருந்த நாட்களில், தன் கழுத்தைத் தரைவரை இறக்கி அதைப் பறித்திருக்கிறது.